ஆழியும் மணியும்: தமிழர் மோதிரக் கற்கட்டு குறித்த ஓர் ஆராய்ச்சி

தமிழர் அணிகலன்களைப் பற்றி எழுதப்புகுவோர் பெரும்பாலும் அணிகளின் பெயர்களைத் தொகுப்பர்; அவை எவ்வுறுப்பில் அணியப்பெற்றன என்பதை வகுப்பர்; அவ்வளவில் அமைவர். பொன்னும் மணியும் எங்ஙனம் ஒன்றோடொன்று இணைக்கப்பெற்றன என்னும் வினா அத்துணை எழுப்பப்படுவதில்லை. மணி பொன்னில் நிற்கும் முறையே அணியின் அழகையும் வாழ்நாளையும், வாங்குவோர்க்கும் செய்வோர்க்கும் இடையே நிலவும் நம்பிக்கையையும் உறுதி செய்வது. எனவே அதனைத் தனித்து ஆராய்தல் வேண்டும் என்று யாம் கருதுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் அணித்தாயுள்ள ஆலங்குளத்தில், எமக்கு நெடுநாட் பழக்கமுடைய ஒரு குடும்பத்தார் தம் மகளின் திருமண நிச்சயத்திற்கு மோதிரம் செய்விக்க முற்பட்டனர். மணமகளின் பாட்டியார் அணிந்திருந்த ஒற்றைக்கல் வயிர மோதிரம் ஒன்று அவர்களிடம் இருந்தது. அக்கல்லை எடுத்துப் புதிய மோதிரத்தில் வைக்க வேண்டும் என்பது அவர்தம் விருப்பம். அடி திறந்து, நகம் போன்ற பிடிகளால் கல்லை உயர்த்திக் கட்டுதல் வேண்டும் என்றாள் மகள். பழைய கட்டே தக்கது என்றார் பாட்டியார். தமிழிலக்கியம் இதற்கு என்ன சொல்கின்றது என்று, விளையாட்டாகவோ உண்மையாகவோ, எம்மை வினவினார் மணமகளின் தந்தையார். அன்று விடை கூற எம்மால் இயலவில்லை. இக்கட்டுரை அவ்விடையின் ஒரு பகுதி எனக் கொள்ளலாம்.

முதற்கண், நிச்சய மோதிரம் என்பது தமிழர்க்குப் பழமையானதா என்பதை நோக்குவோம். இராமன் அனுமன்வழி விடுத்த மோதிரத்தைச் சான்றாக்கி, மோதிரம் மாற்றுதல் நம் பண்டை வழக்கே என்று சொல்வாரும் உளர். இக்கூற்று ஏற்கத்தக்கதன்று. அகநானூற்றின் 86, 136 ஆம் பாடல்கள் பண்டைத் தமிழர் மணவிழாவை விரிவாகக் காட்டுவன. அவற்றுள் பந்தல் உண்டு. மணல் பரப்புதல் உண்டு. உழுந்து கலந்த சோறும் இறைச்சி விருந்தும் உண்டு. மங்கல மகளிர் நீராட்டுதல் உண்டு. மோதிரம் இல்லை. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் தீவலம் வருகின்றனர். ஆங்கும் மோதிரம் இல்லை. ஆலங்குளத்தார்க்கு அண்மையூராகிய திருவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாள், நாச்சியார் திருமொழியில் தாம் கண்ட மணக்கனாவைப் படிப்படியாக உரைக்கின்றார். தோரணம் நாட்டுதல், கூறை உடுத்தல், மாலை சூட்டல், காப்புநாண் கட்டல், கைப்பற்றல், தீவலம், அம்மி மிதித்தல், பொரியிடல் என ஒன்றையும் விடாது கூறும் அக்கனாவில் மோதிரத்திற்கு இடமில்லை. ஒரு சடங்கையும் மறவாத கவிஞர் இதனை மறந்தார் என்று கூறுதல் பொருந்தாது. அக்கனா புனைந்த காலத்து மணச்சடங்கில் மோதிரம் இடம்பெறவில்லை என்பதே பொருந்தும் முடிபு.

அவ்வாறாயின் மோதிரம் எதற்குப் பயன்பட்டது? அடையாளத்திற்கு. ஆண்டாளின் தந்தையாராகிய பெரியாழ்வார், அனுமன் சீதையிடம் அடையாளங்கள் கூறி மோதிரம் அளிக்கும் நிகழ்ச்சியைத் தம் திருமொழியில் ஒரு பதிகமாகவே பாடியுள்ளார். ஆங்கு மோதிரம் பிரிந்தோரைச் சேர்க்கும் சான்று. புதிதாக ஒருவரைப் பிணிக்கும் உறுதிப்பொருள் அன்று. முத்திரை பொறித்த மோதிரங்கள் தமிழகத்து மண்ணிலும் கிடைத்துள்ளன. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த பொன்மோதிரம் ஒன்றில் ஓர் ஆணும் பெண்ணும் இணைந்து நிற்கும் உருவம் காணப்படுகின்றது. அரிக்கமேட்டில் அகஸ்டசு மன்னனின் தலை எனக் கருதப்பட்ட உருவம் பொறித்த கல்லைத் தூப்ரேயல் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1937 இல் கண்டு வெளியிட்டார். ஆலங்குளத்திற்கு அணித்தே வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில், 2024 இல் நடைபெற்ற மூன்றாம் கட்ட அகழாய்வில், சீறும் நிலையில் திமிலுடைய காளை செதுக்கப்பெற்ற சூதுபவளக் கல் ஒன்று வெளிப்பட்டது. மணியைச் செதுக்கும் நுண்தொழிலை இவ்வட்டாரத்தார் பன்னூற்றாண்டுகட்கு முன்பே கண்டிருந்தனர் என்பதற்கு இக்கல்லே சான்று. கொங்குநாட்டுக் கொடுமணலில் மணிகளை அறுத்துத் துளையிட்ட தொழிற்கூடங்களின் எச்சங்கள் 1985 முதல் நிகழ்ந்த அகழாய்வுகளில் வெளிவந்தமை அறிஞர் அறிந்ததே.

திருமணத்தில் மோதிரம் அறவே இல்லை என்றும் கூறுதற்கில்லை. நீர் நிறைந்த குடத்துள் மோதிரத்தை இட்டு மணமக்களைத் தேடி எடுக்கச் செய்யும் விளையாட்டு இன்றும் பல குடிகளில் நிகழ்கின்றது. மணமகனுக்குப் பெண்வீட்டார் மோதிரம் அணிவித்தலும் உண்டு. ஆயினும் நிச்சயத்தின் உறுதி தாம்பூலத்திலும் பரிசத்திலும் இருந்ததேயன்றி மோதிரத்தில் இல்லை. மோதிரம் மாற்றி நிச்சயம் செய்தல் கிறித்தவ வழக்கின் தொடர்பாலும், பின்னர் வாணிக விளம்பரத்தாலும் பரவியது என்பதே எம் கருத்து.

இனி மோதிரத்தின் வடிவிற்கு வருவோம். நெடுநல்வாடையில் அரசியின் விரலில் விளங்கும் மோதிரம் வாளைமீனின் பிளந்த வாய்போல் வளைந்தது என்று நக்கீரர் கூறுகின்றார். உரையாசிரியர்கள் இதனை முடக்கு மோதிரம் எனக் கொள்வர். மணி ஒன்றும் இல்லாது, பொன்னின் வளைவாலும் செந்நிறத்தாலும் மட்டுமே அழகுபெற்ற மோதிரம் அது. இன்றும் நம் மகளிர் அணியும் நெளி மோதிரம் இதன் வழித்தோன்றலே எனலாம். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி அணியும் விரலணிகளுள் இவ்வாளைவாய் மோதிரமும் உண்டு. அதனோடு சிவந்த ஒளி கிளரும் மணி மோதிரமும், வயிரமும் மரகதமும் கூடிய தாள்செறியும் உள்ளன. மணியிலா மோதிரம், ஒருமணி மோதிரம், பன்மணி மோதிரம் என மூவகையும் ஒருத்தியின் கையில் ஒருங்கே விளங்குதலை இளங்கோவடிகள் காட்டுகின்றார். நடுவே ஒரு பெருமணியும் சுற்றிலும் சிறுமணிகளும் வைத்துக் கட்டும் மோதிரத்தை மேனாட்டுப் புதுமை என எண்ணும் இக்காலத்தார், வேறுவேறு மணிகளை ஒரே விரலணியில் கூட்டிய இத்தாள்செறியை நினைத்தல் நன்று.

மணியைப் பொன்னில் வைத்தலைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல: பதித்தல், அழுத்துதல், இழைத்தல், குயிற்றுதல், கட்டுதல். இவற்றை ஒருபொருட் பன்மொழி எனக் கொண்டு விடுதல் எளிது. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு செய்முறையைக் காட்டி நிற்கின்றது. பதித்தலும் அழுத்துதலும் குழியுள் மணியை இறக்குதல். குயிலுதல் என்பது துளைத்தலைக் குறிக்கும் சொல்லாகலின், குயிற்றுதல் என்புழிப் பொன்னைக் குடைந்து இடஞ்செய்தல் முதன்மை பெறுகின்றது. இழைத்தல் நுண்ணிய வேலைப்பாட்டைச் சுட்டும். அதனினின்றே இழை என்னும் அணிப்பெயர் பிறந்தது. ஆயிழை என்று நம் புலவர் பெண்ணை விளிக்குங்கால், ஆராய்ந்து தேர்ந்த அணியை உடையாள் என்பது பொருள். அணியைத் தேர்தல் என்னும் செயல் பெண்ணின் பெயருள்ளேயே அமைந்து கிடத்தல் எண்ணி மகிழ்தற்குரியது.

இவையெல்லாவற்றுள்ளும் வழக்கில் நின்று நிலைபெற்ற சொல் ‘கட்டுதல்’ என்பதே. பெரியாழ்வார் கண்ணனைத் தாலாட்டும் பதிகத்தில், பிரமன் அனுப்பிய ஆணிப்பொன் தொட்டிலில் மாணிக்கமும் இடையே வயிரமும் அமைந்திருத்தலைக் கட்டுதல் என்னும் வினையாலேயே கூறுகின்றார். தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுக்களும் மணிகளைக் ‘கட்டின’ என்றே வழங்குகின்றன. கட்டடம் என்னும் சொல்லுக்கு மனை என்பதோடு மணி பதித்த வேலை என்னும் பொருளும் உண்டு என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியிற் காணலாம். கற்கட்டு வேலை என்று இன்றும் பொற்கொல்லர் கூறுவர். காப்பும் தாலியும் கட்டப்படுவன, மணியும் கட்டப்படுவது. ஒட்டுதல் என்றோ ஒற்றுதல் என்றோ கூறாது கட்டுதல் என்று கூறிய மக்கள், மணி கழன்று போதலைப் பற்றிய அச்சத்தையும் அச்சொல்லில் வைத்தனர் போலும்.

தஞ்சைக் கல்வெட்டுக்கள் இத்துறைக்குப் பெருங்கருவூலம். முதலாம் இராசராசன் தன் ஆட்சியின் 29 ஆம் ஆண்டு வரை, அஃதாவது 1014 வரை, அளித்த அணிகலன்களும், அவன் தமக்கையார் குந்தவையார் அளித்தவையும் அங்குக் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. உல்ட்சு என்னும் அறிஞர் அவற்றைத் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியின் இரண்டாம் பகுதியில் பதிப்பித்தார். அணிகள் தட்சிணமேருவிடங்கன் என்னும் காசுக்கல்லால் நிறுக்கப்பெற்றன. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்பன நிறையளவைகள். 20 மஞ்சாடி கொண்டது ஒரு கழஞ்சு. 2 குன்றி கொண்டது ஒரு மஞ்சாடி. அவ்வணிகளுள் நவரத்தின மோதிரமும் ஒன்று. வயிரம், நீலம், முத்து, புருடராகம், கோமேதகம், பவளம், மரகதம், வயிடூரியம், மாணிக்கம் ஆகிய ஒன்பதும் ஒவ்வொன்றாக அதிற் கட்டப்பெற்றன.

ஈண்டு மூன்று செய்திகள் நம் கருத்தைக் கவர்கின்றன. முதலாவது, வயிரங்களின் வடிவம் பிரித்துக் கூறப்படுதல். தட்டையான கல் சப்படி எனப்பட்டது. மழுங்கிய விளிம்புடைய கற்களும் சதுரக் கற்களும் வேறாக எண்ணப்பட்டன. பட்டை பல தீட்டி ஒளியைச் சிதறச் செய்யும் வெட்டு அக்காலத்து உலகில் எங்கும் இல்லை. இயற்கை வடிவை இயன்றவரை காத்து, நிறை குறையாதிருக்கச் செய்தலே தொழிலறிவாகக் கருதப்பட்டது. இரண்டாவது, நிறையைக் கூறுமிடத்து அரக்கு முதலியன உட்பட எனக் குறித்தல். மணியின் அடியில் அரக்கு இட்டுக் கட்டினர் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

மூன்றாவது செய்தியே எம்மை வியப்பில் ஆழ்த்தியது. அரசன் இறைவனுக்கு அளித்த மணிகளுள் புள்ளியுடையன, முறிவுடையன, செம்புள்ளியும் கரும்புள்ளியும் உடையன, வெந்த தழும்புடையன என்பனவும் அடங்கும் என்று கல்லில் வெட்டி வைத்தனர். அளித்தவன் பேரரசன், பெற்றவன் இறைவன். ஆயினும் குறை மறைக்கப்படவில்லை. வயிரத்தின் குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் நான்கினைச் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை மதுரை மணிவீதியில் வைத்து எண்ணுகின்றது. அங்கு நூலறிவாக இருந்தது தஞ்சையில் கணக்காயிற்று. பரஞ்சோதி முனிவர் மாணிக்கம் விற்ற படலத்தில் இறைவனையே மணி வணிகனாக்கி மணிகளின் இலக்கணம் பேசச் செய்ததும் இம்மரபினதே.

அடியடைத்த கட்டில் மணியின் பின்புறத்தை எவரும் காண இயலாது. பொன்னால் சிறு கிண்ணம் போன்ற குழி செய்வர், அரக்கை நிரப்புவர், மணிக்கு அடியில் மெருகிட்ட மெல்லிய தகட்டை வைப்பர், மேலே மணியை இருத்தி, மிகத் தூய பொன்னின் மெல்லிய இழையைச் சுற்றிலும் அழுத்துவர். தூய பொன் மிக நெகிழ்வுடையது. தீயின்றியே அழுத்தத்தால் தன்னோடு தான் ஒட்டிக்கொள்ளும். இப்பொன்னும் மணி பதிக்கும் இடமும் குந்தனம் எனப்படும். தட்டைக் கல்லுக்கு இக்கட்டு இன்றியமையாதது. மேலிருந்து புகும் ஒளி தட்டைக் கல்லின் அடிவழியே வெளியேறிவிடும். அடியில் உள்ள தகடே அதனைத் திருப்பியனுப்பிக் கல்லை மின்னச் செய்கின்றது. ஆகவே நாம் காணும் மின்னலில் ஒரு பங்கு கல்லினது. ஒரு பங்கு கம்மியனது. அவன் எத்தகு தகடு வைத்தான், விரிசலை அரக்கால் மறைத்தானா என்பன அவன் நெஞ்சிற்கே தெரியும். காற்சிலம்பின் உள்ளீட்டுப் பரல் முத்தோ மாணிக்கமோ என்பதை உடைத்தே அறிய வேண்டியிருந்த காப்பியத்தைப் படித்தவர்க்கு, மூடிய அணியின் இடர் புதிதன்று. தஞ்சைக் கணக்கர் குறைகளை எழுதி வைத்ததன் அருமை இங்கேதான் விளங்கும். கட்டு மூடியது, கணக்கு திறந்தது.

அடி திறந்த கட்டின் வரலாறு வேறு. அதனை விரித்துரைத்தல் எம் நோக்கமன்று. 1477 இல் ஆசுத்திரிய இளவரசன் மாக்சிமிலியன் பர்கண்டி நாட்டு மேரிக்கு வயிர மோதிரம் அளித்ததை மேனாட்டார் தொடக்கமாகக் கூறுவர். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரேசில் சுரங்கங்கள் தோன்றும் வரை உலகிற்கு வயிரம் வழங்கியவை பெரும்பாலும் நம் நாட்டுச் சுரங்கங்களே; கிருட்டிணை ஆற்றங்கரைக் கொல்லூர் அவற்றுள் புகழ்பெற்றது. 1867 இல் தென்னாப்பிரிக்காவில் வயிரம் கண்டறியப்பட்டபின் நிலை மாறியது. 1886 இல் நியூயார்க்கு டிபனி நிறுவனம், ஆறு பிடிகளால் கல்லை வளையத்திற்கு மேல் உயர்த்தி நிறுத்தும் மோதிரத்தை வெளியிட்டது. 1947 இல் டி பீர்சு நிறுவனத்திற்காக எழுதப்பெற்ற விளம்பரத் தொடர் ஒன்று, வயிரம் என்றும் உள்ளது என்னும் கருத்தைத் திருமண உறுதியோடு பிணித்தது. நம் நாட்டு வீடுகளில் அதற்கு முன்பே தென்னாப்பிரிக்க வயிரம் புகுந்துவிட்டது. ‘புளூ ஜாகர்’ வயிரத்தோடு என்று பாட்டிமார் பெருமையுடன் கூறும் பெயர், அந்நாட்டு ஜாகர்சுபாண்டெயின் சுரங்கத்தின் பெயரே. காது அணியில் வந்த கல் மோதிரத்திற்கு வரப் பின்னும் காலம் சென்றது.

திறந்த கட்டு தோன்றியதற்குக் காரணம் கல்லின் வெட்டு மாறியமை. வயிரத்தின் ஒளிவிலகல் எண் 2.42, அதன் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 24.4 பாகை. கீழ்ப்பட்டைகளைத் தக்க சாய்வில் தீட்டினால், புகுந்த ஒளி வெளியேறாது உள்ளேயே இருமுறை திரும்பி மேல்வழியே வரும். அக்கணக்கை டோல்கோவ்சுகி என்பார் 1919 இல் நூலாக எழுதினார். அத்தகைய கல்லுக்குத் தகடு வேண்டா, அரக்கும் வேண்டா. ஆனால் அடிப்பட்டைகளில் எண்ணெய் படிந்தால் ஒளி கசிந்து கல் மங்கும். வயிரமோ எண்ணெய்ப்பசையை எளிதில் ஏற்கும் இயல்பினது. எண்ணெய் தேய்த்து நீராடும் நம் மகளிர் பூந்திக்கொட்டை நீரில் தோட்டைக் கழுவும் வழக்கம் காரணமற்றதன்று. திறந்த கட்டை இவ்வாறு கழுவலாம். அடியடைத்த கட்டைக் கழுவப்புகின் நீர் உட்சென்று தகடு கறுக்கும். நகப்பிடிகள் துணியில் மாட்டி நிமிர்ந்தால் கல் விழும் என்னும் குறையும் உண்டு. நூற்பாலையிலும் வயலிலும் உழைக்கும் கைகட்கு விளிம்பு சூழ்ந்த கட்டே பொருந்தும். அடைத்த கட்டுக்கும் திறந்த கட்டுக்கும் இடைப்பட்டதாக, அடி திறந்தும் விளிம்பு முழுதும் பொன் சூழ்ந்தும் அமையும் கட்டு இக்காலத்து மிகுதியாகச் செய்யப்படுகின்றது.

திறந்த கட்டில் ஏமாற்றுக்கு இடமில்லை என்று எண்ணுதலும் தவறு. அமெரிக்க நாட்டில் 1954 இறுதியில் ஆய்வகத்தில் வயிரம் உருவாக்கிக் காட்டினர். இன்று அத்தகைய கல்லை, அடியும் முடியும் திறந்திருந்தாலும், கருவியின்றி வேறுபடுத்தல் அரிது. பொன்னின் தூய்மைக்கு 2021 முதல் முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. கல்லுக்கோ தனிச் சான்றிதழ் வேண்டும். புள்ளியும் முறிவும் எழுதப்பெற்ற அச்சான்றிதழைக் காணுந்தோறும் எமக்குத் தஞ்சைக் கல்வெட்டே நினைவுக்கு வருகின்றது.

ஆலங்குளத்து மோதிரத்தின் செய்தியைக் கூறி அமைவோம். முதியவரான பொற்கொல்லர் ஒருவர் எம் முன்னிலையில் பழைய கட்டைப் பிரித்தார். பொன் இழையைச் சிற்றுளியால் மெல்ல நெம்பி, அரக்கைச் சூடாக்கி இளக்கி, கல்லை வெளியே எடுத்தார். ஓரத்தில் கறுத்த தகடு ஒன்று அடியில் இருந்தது. கல்லைத் துணியில் துடைத்து வெள்ளைத் தாளின்மேல் வைத்தார். மகள் குனிந்து பார்த்தாள். கண்ணாடிச் சில்லு போன்று ஒளியின்றிக் கிடந்தது. பொய்க்கல்லோ என்று ஐயுற்று அவள் பாட்டியாரை நோக்கினாள். பொற்கொல்லர் சிரித்து, மெய்யான வயிரமே, பட்டையில்லாத தட்டைக் கல், அடி திறந்து கட்டினால் இப்படியே தோன்றும் என்றார். சப்படி என்று கல்வெட்டு கூறிய கல்லை அன்றுதான் யாம் கண்ணாரக் கண்டோம்.

பட்டை தீட்டலாமே என்று தந்தையார் கேட்டார். தீட்டினால் பாதி நிறை போய்விடும். எஞ்சுவதும் தட்டைக் கல்லாதலின் போதிய ஆழம் பெறாது என்றார் அவர். நெடுநேரம் பேசியபின், புதிய தகடு வைத்துப் பழைய முறையிலேயே அடைத்துக் கட்டுவது என்றும், வளையத்தை மட்டும் மகள் விரும்பிய மெல்லிய வடிவில் செய்வது என்றும் முடிவாயிற்று. தகட்டை வைக்குமுன் கல்லின் நிறையையும், ஓரத்தில் உள்ள ஒரு சிறு கீறலையும் தாளில் எழுதித் தருமாறு மகள் கேட்டாள். பொற்கொல்லர் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார்.